கியோனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பவளம்: ...அப்ப நீங்களும் என்ரை அவரும் ஒரே கடையிலைதான் சைக்கிள் எடுத்தனீங்களோ?

விக்னராஜா: ஓம் தங்கச்சி. கியோட்டோ ஸ்ரேஷனுக்குப் பக்கத்திலை. ஆனா இதெல்லாம் எழுபத்திமூண்டாம் ஆண்டுக் கதை... கடிதத்திலை எழுதினனான்தானே.

பவளம்: கடிதம் ஒரு பக்கம்தான் அண்ணை. நாளைக்கு நான் மெல்பேண் போயிடுவன். பிறகு ஆஸ்பத்திரி, நைற் டியூட்டி... உங்களை எப்ப காணப்போறன்? சொல்லுங்கோவன்.

விமலா: நல்லாக் கேளும் பவளம். கட்டின எனக்கே இவர் அந்தக் கதையை முழுசாச் சொன்னதில்லை. பொம்பிளையள் ஆடுற தெரு எண்டு வெக்கமாக்கும்.

விக்னராஜா: விமலா... உமக்கு எப்பவும் பகிடி. புருசனை இழந்த பிள்ளை இருக்கிறா.

பவளம்: பரவாயில்லை அண்ணை. எங்கடை வீட்டிலை நாலு வருசமா எனக்கு முன்னாலை ஆரும் சிரிக்கிறேல்லை.

விமலா: ஐயோ... இந்தாரும், முதல்லை தேத்தண்ணியைக் குடியும். அந்தக் கதிரையிலை வசதியா இரும்.

பவளம்: சைக்கிளிலை எங்கை போனனீங்கள்?

விக்னராஜா: ஒசாகாவிலை எங்களுக்கு மெசின் ட்ரெயினிங். கிழமையிலை ஒரு நாள்தான் லீவு. அண்டைக்கு ரெயின் எடுத்துக் கியோட்டோ போனனாங்கள். பாலத்தைத் தாண்டினா கியோன். பழைய காலத்திலையிருந்து கூத்தும் பாட்டும் நடக்கிற இடம். முகப்பிலை பெரிய நாடகக் கொட்டகை. உள்ளுக்குப் போனா ஒடுங்கின ஒழுங்கையள்... கறுத்த மரவீடு, மூங்கில் தட்டி. வாசலுக்கு வாசல் சிவப்பு வெளிச்சக்கூடு.

விமலா: வெசாக்குக்கு எங்கடை ஊரிலை தொங்கவிடுற கூடு மாதிரியோ?

விக்னராஜா: அதிலும் சின்னன்.

பவளம்: அவர் என்ன சொன்னவர், அதையெல்லாம் பாத்து?

விக்னராஜா: வரதனோ? வாய் மூடேல்லை. ஒரு கையாலை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு, "மச்சான் இதைப் பார், அதைப் பார்" எண்டு... முகத்துக்கு வெள்ளை பூசின பிள்ளையள் ரெண்டு பேர் மரச்செருப்போடை வந்தவை. அவையைப் பாத்துக்கொண்டு போய், வாசல் கழுவிக்கொண்டு நிண்ட ஒரு கிழவியின்ரை வாளியிலை மோதிப்போட்டான்.

விமலா: ஆம்பிளையளின்ரை கண்!

பவளம்: நீங்கள் அங்கை போனது அண்டைக்குத்தான் முதல் தரமோ?

விக்னராஜா: ஓம். எனக்கு முதல் தரம்.

பவளம்: அவருக்கு?

விக்னராஜா: ...அவனுக்கும்தான்.

விமலா: என்னப்பா, இவ்வளவு யோசிச்சுச் சொல்லுறியள்?

விக்னராஜா: எத்தினை வருசமாச்சு... பிறகு மழை பிடிச்சுது. ஆத்தங்கரையாலை திரும்பினனாங்கள். நான் முன்னுக்கு, அவன் பின்னுக்கு. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பாத்தா... சைக்கிள் மட்டும் கரையிலை கிடக்குது.

விமலா: போதும், விடுங்கோ.

பவளம்: இல்லை அக்கா, சொல்லட்டும். ஆளைத் தேடினவையோ?

விக்னராஜா: மூண்டு நாள் தேடினவை. வெள்ளம் தங்கச்சி... உடம்பு கூடக் கிடைக்கேல்லை.

பவளம்: அவரைப் பெத்த மாமி இதைத்தான் நம்புறேல்லை. கடலிலை நீந்தி வளந்த பிள்ளை ஆத்திலை போவானோ எண்டு கேப்பா. இண்டைக்கும் மத்தியானம் அவருக்கு ஒரு கோப்பையிலை சோறு போட்டு மூடி வைப்பா. நான்தான் எடுத்துக் குடுக்கிறனான்... பொட்டில்லாத நெத்தியோடை.

விமலா: கடவுளே... அய்யோ, இஞ்சையும் மழை தூறுது! கீழை கொடியிலை எல்லா உடுப்பும் கிடக்கு. ஓடி எடுத்துக்கொண்டு வாறன், இருங்கோ.

விக்னராஜா: நான் எடுக்கிறன், நீர் நில்லும்...

விமலா: நீங்கள் பவளத்தோடை கதையுங்கோ.

பவளம்: ...அந்த ஆத்திலை முழங்கால் தண்ணிதான் அண்ணை.

விக்னராஜா: ஆர் சொன்னது?

பவளம்: இறங்கிப் பாத்தனான்.

விக்னராஜா: என்ன பிள்ளை சொல்லுறீர்?

பவளம்: நான் கொழும்பிலையிருந்து நேரை இஞ்சை வரேல்லை. ஜப்பானிலை இறங்கி நிண்டுதான் வந்தனான். மாமிதான், "நீ ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வா" எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவ.

விக்னராஜா: தனியவோ...

பவளம்: தனியத்தான். நானும் ஒரு சைக்கிள் எடுத்தனான். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரெண்டு நாள்... ஒரு ஒழுங்கை விடேல்லை. சனம் நிண்டு நிண்டு பாத்தது. பகலிலை அது நீங்கள் சொல்லுற மாதிரி வடிவில்லை அண்ணை. கூடெல்லாம் அணைஞ்சுபோய்... பின்பக்கம் முழுக்க வெறும் போத்தல் பெட்டியள், மீன் வெடுக்கு. வெள்ளை பூசாத ஒரு பிள்ளை இருமி இருமி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டுது.

விக்னராஜா: பவளம்... நிப்பாட்டும்.

பவளம்: ரெண்டாம் நாள் காலமை. ஒரு சாப்பாட்டுக்கடை. வாசலுக்குத் தண்ணி தெளிச்சுக்கொண்டு அவர் நிண்டார். முதுகிலை ஒரு குழந்தையைக் கட்டியிருந்தவர்.

விக்னராஜா: ...பிள்ளையும் பிறந்திட்டுதோ.

பவளம்: அப்ப... உங்களுக்குத் தெரியும்.

விக்னராஜா: தெரியும். அவன் கிழமைக்குக் கிழமை அந்தக் கடைக்குப் போய்வந்தவன். அண்டைக்கு அங்கை தான் விரும்பின பெட்டையைக் காட்டத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனவன். திரும்பி வரேக்கை பாலத்திலை சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு அழுதான். "விட்டிட்டுப் போட்டன் எண்டா பவளம் காத்துக்கொண்டு இருப்பாள். செத்தன் எண்டு எழுது மச்சான், அழுது முடிச்சிடுவாள்" எண்டான். மாட்டன் எண்டுதான் சொன்னனான்... ஒரு மாசம் விடாமல் கெஞ்சினவன். எழுதிப்போட்டன்.

பவளம்: அழுது முடிக்கிறதோ... நாலு வருசமா ஒரு கலியாண வீட்டுக்கு என்னை ஆரும் கூப்பிடேல்லை. தங்கச்சியின்ரை பிள்ளையைத் தொட்டிலிலை போடேக்கை, "நீ குசினிக்குள்ளை இரு" எண்டவை.

விக்னராஜா: என்னை ஏசும். அடிச்சாலும் பேசாமல் நிப்பன்.

பவளம்: ஏச வரேல்லை அண்ணை. உங்கடை வாயாலை கேக்க வந்தனான்.

விக்னராஜா: அவனோடை... கதைச்சனீரோ?

பவளம்: ஸ்ரேஷனுக்கு எப்பிடிப் போறது எண்டு கேட்டனான். இங்கிலீசிலை.

விக்னராஜா: இங்கிலீசிலையோ!

பவளம்: வாய் திறக்கேல்லை. கையை நீட்டிக் காட்டினார். குழந்தை முழிச்சு என்னைப் பாத்துச் சிரிச்சுது... பெட்டைக்குஞ்சு. அவரின்ரை அதே மூக்கு. "தாங்க் யூ" எண்டு சொல்லிப்போட்டு சைக்கிளிலை ஏறிட்டன்.

விக்னராஜா: சட்டையைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டிருக்கலாமே பிள்ளை...

பவளம்: கேக்கத்தான் போனனான். அந்தக் குஞ்சின்ரை கால் அவரின்ரை இடுப்பிலை ஆடிக்கொண்டிருந்தது... கேக்கேலாமல் போச்சு.

விக்னராஜா: இண்டைக்கே உங்கடை மாமிக்கு நான் எழுதுறன். முழு உண்மையும். அந்த மனுசி எண்டாலும் சாகமுதல் தன்ரை மகன் இருக்கிறான் எண்டு அறியட்டும்.

பவளம்: கண்ணைத் துடையுங்கோ, படியிலை அக்கா வாற சத்தம் கேக்குது... ஒண்டும் எழுதவேண்டாம் அண்ணை. அந்த ஸ்ரேஷனிலை இருந்தே நான் மாமிக்கு எழுதித் தபாலிலை போட்டிட்டன். நல்லா விசாரிச்சுப் பாத்தனான், விக்னா அண்ணை எழுதினது எல்லாம் உண்மைதான் எண்டு.