செத்த வார்த்தைக்கு ரெண்டு சாட்சி

முத்துப்பாண்டி: …அப்ப ‘ஹோல்ப்’பும் பிழைச்சுக்கிருச்சுங்கிற?

ஐரின்: பிழைச்சுக்கிருச்சு. நீதான் போன வாரம் அதுக்குப் பால் ஊத்தப் பாத்த.

முத்துப்பாண்டி: நானா ஊத்துறேன்? பெனடிக்ட் சார் ஊத்தச் சொல்றாரு. நாம திருத்துற அகராதி செல்போனுக்குள்ள அடங்கணுமாம். இப்ப எவனும் எழுதாத இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் தூக்கணுமாம். நீயும் அந்த வேலைக்குத்தானே தினமும் இந்த சிம்மக்கல் மாடிப்படி ஏறி வர்ற?

ஐரின்: இந்தக் காலத்து ஆளுங்க ரெண்டு பேர் ஒரு வார்த்தையை எழுதியிருந்தா அதைத் தூக்கக் கூடாது. அதுவும் அவர் போட்ட ரூல்தான்.

முத்துப்பாண்டி: அங்கதான் இடிக்குது. ஹோல்ப்ங்கிறது ‘ஹெல்ப்’போட பழைய இறந்தகாலம். இங்கிலாந்துலயே எவனும் சீந்துறதில்ல. நான் தூக்குறதுக்கு எடுத்து வச்ச ரெண்டு நாள்ல, நெட்ல ஒருத்தி நாவல் விமர்சனம் எழுதுறா. ‘திஸ் புக் ஹோல்ப் மீ’ன்னு!

ஐரின்: ஒருத்தின்னு எப்படித் தெரியும்?

முத்துப்பாண்டி: பேரு ‘நிலாவாசகி’ன்னு இருக்கு.

ஐரின்: ஏன், ஆம்பளைங்க அப்படிப் பேரு வச்சுக்க மாட்டாங்களா?

முத்துப்பாண்டி: வச்சுக்கிருவாங்க, வச்சுக்கிருவாங்க… சரி, அது ஒரு சாட்சி. உடனே கீழ ஒருத்தன் வர்றான். பேரு சுடலை. அதே வார்த்தையை வச்சு பதில் போடுறான். ஆச்சு, ரெண்டு சாட்சி! அதுக்கு முன்னாடி ‘க்ளோம்’…

ஐரின்: ‘க்ளைம்ப்’போட இறந்தகாலம். ஏறினான். இப்ப சொல்ற ‘க்ளைம்ப்டு’ இருக்கே, படியில கால் தடுக்கின மாதிரி இருக்கு. ‘க்ளோம்’னு சொல்லிப் பாரு… மேல போயி மேகத்துக்குள்ள காணாமப் போயிட்ட மாதிரி…

முத்துப்பாண்டி: ஐரின், கீழ இறங்கு. டீ ஆறுது.

ஐரின்: எல்லாத்துக்கும் வாலுல ஒரே மாதிரி ஒட்டுப் போட்டுட்டான் வெள்ளைக்காரன். சலிப்பா இருக்கு. ‘ஓவர்மாரோ’ தெரியுமா? நாளான்னைக்கு! நம்மள மாதிரியே ஒத்தை வார்த்தையில சொல்லிக்கிட்டிருந்தவன், அதைத் தொலைச்சுட்டு நாளைக்கு அடுத்த நாள்னு இழுத்துக்கிட்டிருக்கான். அதையும் நீ தூக்கப் பாத்தியே, மனசே இல்லையா உனக்கு?

முத்துப்பாண்டி: மனசு இருக்கு. அது கிடக்கட்டும். சார் மோப்பம் பிடிச்சுட்டாரு.

ஐரின்: …என்னன்னு?

முத்துப்பாண்டி: நாம எந்த வார்த்தையைத் தூக்கப் போறோம்னு வெளியில எவனுக்கும் தெரியாதுல்ல? அப்ப நிலாவாசகியும் சுடலையும் ஒரே ஆளு, அதுவும் இந்த ஆபீஸ் ஆளுங்கிறாரு. ரெட்டைப் பேருல பொய்ச் சாட்சி. யாருன்னு இன்னைக்கே சொல்லுன்னு என் தலையில கட்டிட்டாரு. ஆளுக்கு வேலை போகும். வார்த்தைகளும் மொத்தமாப் போகும்.

ஐரின்: நான்தான்.

முத்துப்பாண்டி: எது நீ?

ஐரின்: நிலாவாசகி. ஆனா சுடலை நான் இல்ல, முத்து! சத்தியமா இல்ல.

முத்துப்பாண்டி: அப்ப தப்பிச்ச. ஆபீஸ் ஆளு எழுதக் கூடாதுன்னு ரூல்ல இல்ல. ரெண்டும் வேற வேற ஆளா இருந்தாப் போதும். சுடலை வந்து ‘நான்தான் அது’ன்னு சார் முன்னாடி நின்னா முடிஞ்சு போச்சு.

ஐரின்: எப்படி நிப்பாரு? அவர் நார்வேல இருக்காரு.

முத்துப்பாண்டி: எங்க?

ஐரின்: நார்வே. நான் ஒரு பனிநாட்டு நாவலைப் பத்தி எழுதுறப்ப ‘ஸ்ன்யூ’ன்னு போட்டேன். ‘ஸ்னோ’வோட பழைய இறந்தகாலம். அதுக்கு அவர், இங்க நார்வேல எங்க ஊர்லயும் ராத்திரி பூரா ஸ்ன்யூ, விடிஞ்சு பாத்தா வாசலையே காணோம்னு எழுதினாரு. படிச்சப்ப எனக்குக் குளிருச்சு, தெரியுமா? சித்திரை வெயில்ல!

முத்துப்பாண்டி: எவனோ அடிச்சு விட்டிருப்பான்.

ஐரின்: உனக்குப் பொறாமை. உயரமா இருப்பாரு. கம்பளிச் சட்டை. ஜன்னலோரம் உக்காந்து…

முத்துப்பாண்டி: அம்புட்டு தூரம் போயிட்டியா! ஆளு குட்டையா, கறுப்பா, தொப்பையோட இருந்தா?

ஐரின்: இருக்க மாட்டாரு. அந்த மாதிரி ஆளு இந்த ஆபீஸ்ல வேணா இருக்கும்.

முத்துப்பாண்டி: பேரு சுடலைங்கிறான்…

ஐரின்: சுடலைன்னா நார்வேக்குப் போகக் கூடாதுன்னு சட்டமா? அது சரி, பாவம் அவரை எதுக்கு இதுல இழுக்கணும்? ரெண்டு பேரும் நான்தான்னு சார்கிட்ட சொல்லிட்டு வாரேன்.

முத்துப்பாண்டி: ஏய், நில்லு! வேலை போயிரும்ங்கிறேன்.

ஐரின்: போகட்டும். மாட்டுத்தாவணில பூக் கட்டிப் பிழைச்சுக்கிறேன்.

முத்துப்பாண்டி: நீ கட்டினா மாலை மாப்பிள்ளை கழுத்துக்குப் போறதுக்குள்ள உதிர்ந்துரும். உக்காரு… உக்காரேன்.

ஐரின்: வழி விடு முத்து.

முத்துப்பாண்டி: சுடலை நார்வேல இல்ல.

ஐரின்: உனக்கு எப்படித் தெரியும்?

முத்துப்பாண்டி: தெரியும்… அவன் தினமும் பேரையூர் பஸ்ல நின்னுக்கிட்டே வர்றான். நிலாவாசகி யாருன்னு அவனுக்கு முதல் விமர்சனத்துலயே தெரியும். இப்படி மேகத்துக்குள்ள போயி எழுதுற ஆளு மதுரையில வேற யாரு? ஒத்தைச் சாட்சியோட அவ வார்த்தை செத்துரக் கூடாதேன்னு…

ஐரின்: முத்து…

முத்துப்பாண்டி: எங்க ஊர்ல ஏது பனி? மழையே எட்டிப் பாக்கிறதில்ல. நீ பனிக் கதையாத் தேடித் தேடிப் படிப்ப… அதான் ஒரு ராத்திரி பெய்ய வச்சேன். சார்கிட்ட நான் வாரேன். நான்தான் சுடலைன்னு சொல்றேன். என்ன… கம்பளிச் சட்டைக்காரன் போயிட்டான். ஏமாந்துட்டல்ல?

ஐரின்: நானா? பனி பெய்ஞ்சு விடிஞ்சப்ப, சீமைக்கருவேல முள்ளுல ஆட்டுக்குட்டி மாட்டிக்கிட்டுக் கத்துச்சுன்னும் எழுதினியே… நார்வேல ஏதுடா சீமைக்கருவேல மரம்? அது உங்க பேரையூர் முள்ளு. சுடலை நீதான்னு அன்னைக்கே தெரியும். அதுக்கப்புறம் நான் எழுதினதெல்லாம் வார்த்தையைக் காப்பாத்தவா? சுடலை எப்பதான் நேர்ல வாயைத் திறப்பாருன்னு பாக்கத்தான்.