ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேர நடை

மாட்டுக்கு நடை நல்லது. இதை நான் இன்றும் நம்புகிறேன். கொட்டகையிலேயே கட்டிக் கிடக்கும் மாட்டுக்குக் குளம்பு வளரும், குணம் கெடும். விசாரணைக் குழுவில் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள் என்று கார்த்திகா சொன்னாள். இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கும் மறுப்பு இருக்காது என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் முருகானந்தம். ஹட் பே என்ற தீவு ஊரில் இருபத்திரண்டு வருடம் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டேன். டாக்டர் நீலாவதி என் மனைவி. போன ஐப்பசியில் காலமானாள். கார்த்திகா அவளுடைய ஆராய்ச்சி மாணவி. மூன்று வருடமாக எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருக்கிறாள். இந்த ஊரின் அறுபத்து மூன்று கன்றுகளுடைய ரத்தத்தை அவள் சோதித்தாள். பதிவேட்டின்படி அவற்றுக்குத் தகப்பன்கள் மெயின்லேண்டில் இருக்கும் பதினோரு ஜெர்சிக் காளைகள். சோதனையின்படி ஒரே ஒரு காளை. அதுவும் ஜெர்சி இல்லை. மாதிரிகளை மாற்றிவிட்டாள் அல்லது இட்டுக்கட்டி எழுதிவிட்டாள் என்று நீங்கள் அவளுடைய டாக்டர் பட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

அவள் எதையும் மாற்றவில்லை. தகப்பன் ஒன்றுதான்.

2010 ஆடி மாதம் கடல் கொந்தளித்து இருபத்தைந்து நாள் கப்பல் வரவில்லை. உறைவிந்துக் குச்சிகளைக் குளிரில் வைத்திருக்கும் நைட்ரஜன் கப்பலில்தான் வரவேண்டும். ஒரு காலையில் கேனைத் திறந்தபோது புகையே இல்லை. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. முந்நூறு குச்சிகளும் செத்துவிட்டன. மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். முன்கூட்டியே ஏன் கேட்கவில்லை என்று விளக்கம் கேட்டிருப்பார்கள். விளக்கம் எழுதுவதில் எனக்கு நாட்டமில்லை. இதுதான் நான் எழுதும் முதல் விளக்கம்.

அன்று வேலாயியின் மாடு பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டிருந்தது. வேலாயியின் குடும்பமும் எங்கள் குடும்பமும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவை. போகாமல் இருக்க முடியாது. கேனில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். மூடியைத் திறந்ததும் புகை வந்தது. ஊரில் எல்லோரும் நம்பியது அந்தப் புகையைத்தான்.

"என்னா ஊசிக்காரரே, இன்னைக்கிப் பொக சூடா அடிக்குது?" என்றாள் வேலாயி.

"புது மருந்து."

வெறும் குச்சியை வைத்து ஊசி போட்டேன். பிறகு, ஊசி போட்ட மாட்டை ஒரு மணி நேரம் நடத்த வேண்டும், அதை நானே செய்துவிடுகிறேன் என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனேன். மூடிப்போன எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு காளை மேய்ந்துகொண்டிருந்தது. கறுப்பு, குட்டைக் கால், நெற்றியில் வெள்ளை. நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். மற்றபடி நான் எதுவும் செய்யவில்லை.

அடுத்த மாதமே கப்பலில் நைட்ரஜனும் வந்தது, புதிய குச்சிகளும் வந்தன. ஆனால் நல்ல குச்சியில் பத்து மாட்டுக்கு நான்குதான் சினை நிற்கும். தோட்டத்தில் ஒன்பது நின்றது. மேலும் ஊர் நடைக்குப் பழகிவிட்டிருந்தது. வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய மண்டல் பாபு ஊசி போடும்போதே, "பாபு, ஆஜ் கித்னா சலானா ஹை?" என்று நடையின் தூரத்தைத்தான் கேட்பார். குச்சிகளை என் வீட்டுப் பப்பாளி மரத்தடியில் புதைத்தேன். மரம் நன்றாகக் காய்த்தது.

இந்தியாவிலேயே அதிகமாகச் சினை நிற்கும் ஊர் எது என்று மெயின்லேண்டில் யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஹட் பே என்று வந்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று மாதப் பணியில் டாக்டர் நீலாவதியை அனுப்பினார்கள். தருமபுரிக்காரி. கப்பல் ஜெட்டியில் இறங்கியவுடன் கடலைப் பார்க்கவில்லை, கரையில் நின்ற மாட்டைப் பார்த்தாள். எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. வீட்டில் நானும் ஒரு ரேடியோவும்.

அவள் நடையிலும் கூட வந்தாள். அவள் வரும் நாட்களில் மாட்டை இரண்டு முறை நடத்த வேண்டியிருந்தது.

"ஏன் முருகானந்தம், எப்பவும் இந்தப் பக்கமாவே போறோம்?"

"பீச் பக்கம் மணல் மேடம். மாட்டுக்குக் கால் வலிக்கும்."

"அந்தக் காளை யாரோடது?"

"யாரோடதும் இல்ல மேடம். சும்மா நிக்குது."

"எப்பவும் சும்மாத்தான் நிக்குமா?"

"ஆள் இருந்தா வெட்கப்படும் மேடம்."

அவள் காளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். ஊசிக்குப் பின் மிதமான நடை சினைப்பிடிப்பை அதிகரிக்கிறது என்ற அவளுடைய முதல் கட்டுரை அந்த வருடம் வெளிவந்தது. கடற்கரை நடையைவிடத் தோட்ட நடை சிறந்தது என்றும் அதில் ஒரு பத்தி உண்டு. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மெயின்லேண்டில் ஒரு பண்ணையில் மாடுகளை மேலே நிறுத்தி நடக்கவைக்க, காலடியில் ஓடும் மின்சாரப் பட்டை வாங்கினார்கள். இரண்டு மாடுகளுக்குக் கால் ஒடிந்தது. நான் அதற்குப் பொறுப்பாக முடியாது. எங்கள் நடையில் மின்சாரம் கிடையாது.

மூன்றாவது மாதம் பிறந்தது. அவள் பெட்டி கட்டத் தொடங்கினாள். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் விஞ்ஞானிகள் கிளம்பிவிடுவார்கள் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. அந்த மாதம் எனக்கு முட்டிவலி என்று சொல்லி யாருடைய மாட்டையும் நடத்தவில்லை. அவரவரே ரோட்டில் நடத்திக்கொண்டார்கள். ஒன்பது மாடுகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. இருபத்தோராம் நாள் ஒவ்வொன்றாகத் திரும்பவும் கத்தத் தொடங்கின. அவள் தன் சாமான்களை அவிழ்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"நடந்தும் நிக்கலை. அப்போ நடத்தற ஆள் முக்கியம். உங்க முட்டி எனக்கு ஒரு பெரிய உதவி பண்ணியிருக்கு" என்றாள்.

அதற்கு முன் என் முட்டியை யாரும் பாராட்டியதில்லை. அடுத்த தையில் கல்யாணம் செய்துகொண்டோம். கோயிலுக்கு வேலாயி ஒரு கன்றைப் பிடித்து வந்திருந்தாள். கறுப்பு, நெற்றியில் வெள்ளை.

அதன்பின் எல்லாம் எளிதாக இருந்தது. அவளுக்கு மாற்றல் உத்தரவு வரும் போதெல்லாம் நான் ஒரு சிறிய கேள்வியை உண்டாக்கிக் கொடுத்தேன். ஒரு மழைக்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நடத்தவில்லை. அவள் சந்திரனின் நிலையைக் கணக்கிட்டு ஒரு வருடம் செலவழித்தாள். இன்னொரு முறை, பாட்டுப் பாடி நடத்தினால் கிடேரிக் கன்று பிறப்பதுபோல் தெரிகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அது தானாக எட்டில் ஆறு சரியாக அமைந்தது. அதற்கும் ஒரு கட்டுரை வந்தது. எனக்குச் சுமாரான குரல்.

ஜெர்சி ஊசிக்கு ஏன் கறுப்புக் கன்று பிறக்கிறது என்பதுதான் அவளுடைய பெரிய கேள்வி. வருடங்கள் போகப்போகக் கன்றுகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஒரே காளை என்பதால் அது சிலவற்றுக்குத் தகப்பனாகவும் அதே நேரத்தில் பாட்டனாகவும் இருந்தது. இரண்டொன்றுக்குக் கொள்ளுப்பாட்டனும் அதுதான். தீவில் வாழும் பெரிய மிருகங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப்போகும் என்று விஞ்ஞானத்தில் உண்டாம். யானைகளுக்குப் பல்லாயிரம் வருடம் பிடித்த காரியம் ஹட் பேயில் பத்து வருடத்தில் நடந்திருப்பதாக நீலாவதி எழுதினாள். வெளிநாட்டுக்கு அழைத்து மேடையேற்றினார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். இங்கே அதைப் போட்டுக்கொள்ள ஒரு நாளும் வாய்க்கவில்லை.

ஊருக்கு இழப்பு எதுவும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். எட்டு லிட்டர் கறந்த வீடுகளில் இப்போது ஒன்றரை லிட்டர் கறக்கிறது. மண்டல் பாபு பால் வியாபாரத்தை விட்டு மீனுக்குப் போய்விட்டார். வேலாயியின் மாட்டைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆடு என்ன விலை என்று கேட்கிறார்கள். "ஊசிக்காரரே, ஒம்ம மாடு கதவு தொறக்காமலே அடியில பூந்து போவுது" என்று அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். கடைசியில் கண் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் தீவனச் செலவு குறைந்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

நீலாவதிக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் அருகில் இருக்கும்போதே கார்த்திகாவைக் கூப்பிட்டு, "நான் பார்க்காம விட்டது ஒண்ணு இருக்கு. தகப்பன் யாருன்னு பாரு. நான் போனப்புறம் பாரு" என்றாள். பல வருடமாக அந்தச் சோதனைக்கு வேண்டிய கருவி அவளுடைய மேஜையில்தான் இருந்தது. ஏன் அவள் அதை ஒருமுறைகூடச் செய்யவில்லை என்று கார்த்திகா என்னிடம் கேட்டாள். வேலை அதிகமாக இருந்திருக்கும் என்றேன். ஆஸ்பத்திரியில் கார்த்திகாவிடம் அப்படிச் சொல்லிவிட்டு நீலாவதி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காய்ச்சல் கண்டவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

உங்கள் கடிதம் ஐந்து மாதம் முன்பு வந்தது. கார்த்திகா அதைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தாள்.

"அங்கிள், நான் ஒரு டியூபைக்கூட மாத்தலை. ஒவ்வொரு மாட்டுக்கும் நீங்கதானே கூட நின்னு கயிறு பிடிச்சீங்க. அவங்ககிட்ட நீங்க சொல்லுங்களேன்."

"பார்ப்போம்மா" என்றேன்.

அவள் அத்தனை கன்றுகளுக்கும் மறுபடி ரத்தம் எடுத்தாள். நான் கயிறு பிடித்தேன். விடை மாறவில்லை. மூன்றாவது முறையும் எடுத்தாள். அந்த ஐந்து மாதமும் நான் வீட்டில் இரண்டு பேருக்குச் சமைத்தேன். ஒருவருக்கு மட்டும் உலை வைப்பது எப்படி என்று தெரியாமல் நீலாவதி போன முதல் வாரம், கார்த்திகா தன் ஊருக்குப் போயிருந்தபோது, நான் சோற்றைக் கீழே கொட்டியதைப் பற்றி இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ஐந்து மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். போன திங்கட்கிழமை கார்த்திகா, பட்டமே வேண்டாம், ஊரில் ஏதாவது ஸ்கூலில் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினாள். ஒரு நல்ல பெண்ணின் வாழ்க்கை கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

ஆகவே என் வாக்குமூலம் இது. சினை ஊசி என்ற பெயரில் பதினான்கு வருடம் நான் வெறும் புகை காட்டினேன். அத்தனை கன்றுகளுக்கும் தகப்பன் அந்தத் தோட்டத்துக் காளை. கார்த்திகா எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை.

ஆனால் வயதானவனுடைய ஞாபகத்தை மட்டும் வைத்து நீங்கள் உடனே பட்டத்தைக் கொடுத்து அவளை அனுப்பிவிடுவது சரியாகாது. ஒரு காளை என்று சொன்னேன். இப்போது யோசித்தால் இரண்டாகவும் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. வருடங்களிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சில கன்றுகளின் காது கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது. அதற்கு என்னிடம் விளக்கமில்லை. ஒவ்வொரு வீடாகப் போய், இரண்டு ஈற்றாவது கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். நான்கு வருடம் போதும் என்று நினைக்கிறேன். மாடுகளை அறிந்த ஆள் வேண்டும், கயிறு பிடிக்கவும் ஒருவர் வேண்டும். முன்னறைக்கு நேற்றுத்தான் சுண்ணாம்பு அடித்தேன்.

வியாழக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்து வர அவள் என்னிடம்தான் சொல்லியிருந்தாள். எல்லா சீட்டும் தீர்ந்துவிட்டது, அடுத்த கப்பலுக்கும் சந்தேகம்தான் என்று சொன்னேன். பாவம், கட்டிய பெட்டியை அவிழ்த்து அதிலிருந்து ஒரு புத்தகத்தை வெளியே எடுத்தாள். டிக்கெட் கவுண்டர் பக்கம் நான் இன்னும் போகவில்லை.