பள்ளிக்கூடத்துக் கீழாநெல்லி

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“பள்ளிக்கூடத்துல களை எடுக்கப் போயி, தோட்டத்தையே எடுத்துட்டேன் மதினி.”

“என்னட்டி சொல்லுத?”

“மூலிகைத் தோட்டம் போடுதோம், ஒத்தாசைக்கு வாங்கன்னு டீச்சர் கூப்பிட்டாவ. பாத்தி நெறையக் கீழாநெல்லி. உளுந்துக் காட்டுல களையெடுத்த கைதானே, ஒண்ணு விடாமப் புடுங்கிட்டேன். எம்மவ ஒரே அழுகை. அவ நட்டதாம்.”

“அதையுமா நடுதாவ?”

“மருந்துச் செடியில்லா!”

“சரி, மடியில என்ன?”

“அதேதான். நம்ம காட்டுல வேர் அறாமத் தோண்டி, மண்ணோட கொண்டு போறேன்.”

“அங்கன பிடிச்சிக்கிடுமா?”

“காட்டுல வெட்ட வெட்ட வருது. நட்டா வருமான்னு யாருக்குத் தெரியும்? சன்னல அடைங்க மதினி, வெக்கைக் காத்துல வாடிரும்.”

மதினி அடைத்தாள். பிறகு திரும்பி, என் சன்னலையும் அடைக்கச் சொன்னாள்.