பெட்டியில் இல்லாத இசைத்தட்டு

பல்லையும் பாட்டையும் ஒரே பக்குவத்தோடு பராமரித்து வரும் பல் மருத்துவரும், நமது பாட்டுக் கேட்போர் சங்கத்தின் தலைவருமான ஐயா அவர்களே! தீர்மானத்தை மறந்தாலும் தேநீரை மறக்காத செயலாளர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்துவிட்ட ஒரே குற்றத்துக்காகக் கொட்டாவியைக்கூடக் கைக்குட்டைக்குள் விட வேண்டியிருக்கும் பெரியோர்களே! வீட்டில் பாடுகிறவர்களையும் மேடையில் பேசுகிறவர்களையும் ஒருசேரப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு என் பேச்சுக்குத் தலையாட்டுவதாக நடிக்கும் பின்வரிசைத் தம்பிகளே, தங்கைகளே! நான்காம் வரிசையில், நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக வீற்றிருக்கும் என் அக்கா அவர்களே, அத்தான் அவர்களே! எல்லோருக்கும் இந்தச் செல்போன் பழுதுபார்ப்பவனின் மாலை வணக்கம்.

யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டீர்கள். சரி, போகட்டும்.

இசையை விரும்புகிறவர்கள் இனி ஸ்ட்ரீமிங்கில் கேட்பதா, இல்லை தட்டும் கேசட்டுமாகச் சேர்த்து வைப்பதா? இதுதான் தலைவர் எனக்குத் தந்த தலைப்பு. தலைப்பு தெரிந்த அன்றே அக்கா என்னைக் கூப்பிட்டு வயிறாரச் சாப்பாடு போட்டு, போன் பக்கம்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அத்தான் தன் வண்டியில் என்னைக் கடை வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் வாயே திறக்காதவர், இறங்கும்போது மட்டும், தட்டுகளை விட்டுக்கொடுத்துவிடாதே என்றார். இரண்டு பக்கமும் கை நனைத்தவன் நான். இப்படிப்பட்டவனுக்கு நடுநிலையைத் தவிர வேறு நிலை உண்டா?

முதலில் போனின் பக்கம் வருகிறேன். என் கடையில் ஒரு மூதாட்டி, அறுந்துபோன சார்ஜர் வயரோடு வந்து நின்றார். வேலை முடிகிற வரை சும்மா உட்காருவானேன் என்று, என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன். பாட்டின் பெயர் தெரியாது, பாடியவர் தெரியாது, படமும் தெரியாது என்றார். தெரிந்த இரண்டு சொல்லை மட்டும் வெட்கத்தோடு முணுமுணுத்தார். அதைப் போனில் தட்டினேன். தண்ணீர் கேட்ட வாய்க்குப் பன்னீர் வந்ததுபோல வந்தது பாட்டு. அந்த அம்மாள் அழுதே விட்டார். இப்படி ஒரு வரத்தை எந்த அலமாரி தரும்? எந்தப் பெட்டி தரும்? தூசி தட்டாமல், தும்மாமல், படிக்கட்டு ஏறாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் கேட்டுப் பல்லை இளிக்காமல், பாட்டு வந்து வாசலில் நிற்கிறதே, அதைக் குறை சொல்லலாமா?

குறை சொல்கிறவர்கள் யார் தெரியுமா? சேர்த்து வைப்பவர்கள். அவர்கள் தனி ஜாதி ஐயா! கேட்பதற்கு ஒன்று, கேட்காமல் வைப்பதற்கு ஒன்று என்று இரண்டிரண்டாய் வாங்குவார்கள். மேலே சுற்றிய கண்ணாடிக் காகிதத்தைக்கூடக் கிழிக்க மாட்டார்கள். கிழித்தால் மதிப்புப் போய்விடுமாம். பாட்டு உள்ளே கிடந்து மூச்சு முட்டுகிறதே என்று யாராவது கவலைப்பட்டது உண்டா? நம் தலைவர், பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லித்தருகிற அதே மென்மையான பிரஷ்ஷால், அதே வட்டமான கைப்பழக்கத்தோடு, தன் தட்டுகளைக் கழுவுகிறார். நான் கண்ணால் பார்த்தேன். கழுவி முடித்ததும் அவர் வாய் தானாகவே, “துப்புங்க” என்றது. தலைவரே, மணியை எடுக்காதீர்கள், எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

என்ன அங்கே கைதட்டல்? பின்வரிசைத் தம்பிகளா? இருங்கள், உங்கள் பக்கமும் வருகிறேன். உங்கள் செயலியில் உள்ள பாட்டு உங்களுடையதா? காதலில் தோற்று, கதவைச் சாத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சோகப்பாட்டு கேட்கிறீர்கள். சரணத்தில் நெஞ்சு உடையப்போகிற நேரத்தில் ஒருவன் குறுக்கே வந்து, முதுகுவலியா, எங்கள் மெத்தையில் படுங்கள் என்கிறான். அழுகையும் போச்சு, காதலும் போச்சு. நேற்றுவரை பட்டியலில் பளிச்சென்று இருந்த பாட்டு இன்றைக்குச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. தொட்டால், கிடைக்காது என்கிறது. ஏன் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. அதையும் தூக்கிக்கொண்டு என் கடைக்குத்தான் வருகிறார்கள். எங்கோ இருக்கிற ஒரு கம்பெனி பாட்டை எடுத்துவிட்டால், இங்கே ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சரி, ஊர் நியாயம் போதும். வீட்டு நியாயத்துக்கு வருவோம். அக்கா, முறைக்க வேண்டாம். அத்தானும் முறைக்கிறார். பரவாயில்லை, இதிலாவது ஒற்றுமை இருக்கிறதே!

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் பிறரை மேலும் கீழும் அனுப்பிவிட்டு, மாலையில் தான் மட்டும் ஓர் அறையில் அசையாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர். சுவரை மறைத்து இசைத்தட்டுகள், நடுவில் ஒரு பிளேயர், எதிரே ஒரு நாற்காலி. என் அக்கா தையற்காரர். அந்த அறைக்கு வெளியே, நடைவழியில், போகிறவர் வருகிறவர் முழங்கையெல்லாம் இடிக்கிற இடத்தில் அவர் மெஷின். ஒரே வீட்டில் இரண்டு ஊசி. ஒன்று பாடும், ஒன்று தைக்கும்.

அப்படி இருக்கையில் அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முழுவதும் தைக்கிற வேலை வந்தது. எத்தனை நாள் ஆசை தெரியுமா அது! ஆனால் நடைவழியில் துணியை விரித்து வெட்ட முடியுமா? பெரிய மேசை வேண்டும், மேசைக்கு அறை வேண்டும், அறைக்குள்ளோ அத்தானின் தட்டுகள். அக்கா சண்டை போடவில்லை. என்னை வரவழைத்து, ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கி, அத்தானின் தட்டுகளில் உள்ள பாட்டையெல்லாம் போனில் தேடித் தேடிச் சேர்க்கச் சொன்னார். எல்லாம் கிடைத்தன. பாட்டு ஓடியது. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. அத்தான் கேட்டார், யோசித்தார், பெருமூச்சு விட்டார். கடைசியில் ஒப்புக்கொண்டார். தட்டுகளையும் பிளேயரையும் இந்தச் சங்கத்துக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து பெட்டி கட்டினார். அறைக்குள் மேசை வந்தது, மெஷினும் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை கூடிவிட்டது.

இங்கேதான் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அந்தத் தட்டுகளில் ஒன்றுக்குக் கீறல் விழுந்திருந்தது. இரண்டாம் பாட்டில், சரணத்தின் நடுவில், ஊசி மாட்டிக்கொண்டு ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே இருக்கும். தலைவர் ஒருமுறை கீறல் இல்லாத தட்டு ஒன்றைத் தருகிறேன் என்றார். இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் அத்தான். பெரும்பாலான மாலைகளில் அந்தத் தட்டு சுழலும். அந்த இடம் வரும். வெளியே மெஷினை மிதிக்கும் அக்காவின் கால் நிற்கும். அக்கா நிமிர்ந்து கதவு வழியாகப் பார்ப்பார். அத்தான் எழுந்துபோய்ச் சுண்டுவிரலால் ஊசியைத் தட்டிவிட்டு, அக்காவைப் பார்த்து, “போயிடுச்சு” என்பார். அக்கா “ம்” என்பார். கால் மறுபடி மிதிக்கும். காலையில் அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ராத்திரி இருவருக்கும் அலுப்பு. பல நாட்களில் அவர்கள் பேசிக்கொண்ட மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

இப்போது கேளுங்கள். மேசை வந்த அன்றைக்கு மாலை, ஸ்பீக்கரை மாட்ட நானும் அங்கே இருந்தேன். போனில் பாட்டை ஓடவிட்டேன். இரண்டாம் பாட்டு, சரணம். அந்த இடம் வந்தது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் அக்காவின் கால் நின்றுவிட்டது! அத்தான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்! எழுந்தவர் நேரே நடந்து போனார். பிளேயர் இருந்த இடத்தில் வெட்டும் மேசை. சுண்டுவிரல் மட்டும் நீண்டபடி நிற்கிறது. அக்கா நிமிர்ந்து பார்க்கிறார். தட்டிவிட ஒன்றும் இல்லை. சொல்ல ஒரு சொல் இல்லை. அத்தான் விரலை மடக்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். அக்கா தைத்த தையல் கோணலாகப் போயிருந்தது, அதைப் பிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கிறீர்களா? நானும் முதலில் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை.

போன வாரம் அத்தான் பெட்டிகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். எல்லாம் இருந்தன, அந்த ஒரு தட்டைக் காணோம். அக்காவிடம் கேட்டார். உங்கள் பெட்டி, உங்கள் தட்டு, எனக்கு என்ன தெரியும் என்றார் அக்கா. வெட்டுத்துணியோடு சேர்த்து வீசிவிட்டாள் என்று முடிவு கட்டினார் அத்தான். அது கிடைக்காமல் ஒரு பெட்டியையும் தரமாட்டேன், மறுபடி எல்லாம் அறைக்கே போகும் என்றும் சொல்லிவிட்டார். அறை போனால் மேசை போகும், மேசை போனால் சீருடை வேலை போகும். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பெட்டிகள் இப்போது எங்கே? கீழே அவர் வண்டியில். தருவதா, திருப்புவதா என்று தெரியாமல் கிடக்கின்றன. அந்த நாற்காலி ஏன் காலி என்று இப்போது புரிகிறதா?

தட்டு எங்கே என்றுதானே கேட்கிறீர்கள், பின்வரிசையில்? எனக்குத் தெரியும். என் கடைக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனவன், அக்கா உள்ளே போன நேரம், அலமாரியில் நானே கைவிட்டுத் துழாவினேன். லைனிங் துணிக்கு அடியில் சதுரமாக ஏதோ தட்டுப்பட்டது. அதே தட்டு! அலுங்காமல் குலுங்காமல், ஒரு புதுத் துணியில் உறையே தைத்துப் போட்டு வைத்திருக்கிறார். திரும்பினால் அக்கா நிற்கிறார். கிண்டல் செய்யத்தான் நினைத்தேன். தட்டெல்லாம் போகட்டும் என்று நின்றது யார் என்று கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவர்கிட்ட சொல்லிடாதடா. அத்தனையும் போகணும்னு நின்னவ, நானே ஒண்ண எடுத்து வெச்சுக்கிட்டேன்னு தெரிஞ்சா மானம் போயிடும். பாட்டுக்காக எடுக்கல. பாட்டுதான் போன்லயே இருக்கே. அந்த இடம் வந்தா எந்திரிச்சு வருவாரே, அதுக்காக.”

சத்தியமாக அத்தானிடம் சொல்லமாட்டேன் என்றேன். சொன்ன சொல் தவறினேனா? தவறவில்லையே! அவையிடம்தானே சொல்லியிருக்கிறேன்! அவைக்குள் அத்தான் உட்கார்ந்திருப்பது என் குற்றமா?

அன்பர்களே! ஆகவே கேட்கிறேன். போன் எல்லாப் பாட்டையும் தருகிறது, தரட்டும்! கை நீட்டி வாங்குங்கள், காது நிறையக் கேளுங்கள், கடைக்கு வருகிற மூதாட்டியைக் கண்ணீர் விடவையுங்கள்! ஆனால் ஒரு தடங்கலும் இல்லாத பாட்டு யாரை எழுப்பும்? யாரை நிமிரவைக்கும்? யாரை யாரிடம் அனுப்பும்? சுவர் நிறைய வைத்திருக்கிறேன் என்று மார்தட்டாதீர்கள். அதில் உங்களை எழுந்து நடக்கவைக்கிற தட்டு எது என்று பாருங்கள். அது ஒன்று இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், கீறலோடு வைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்! மற்றவற்றை மகிழ்ச்சியாகத் தந்துவிட்டு, உழைக்கிறவளுக்கு ஓர் அறையைக் கொடுங்கள்! இதுதான் என் தீர்ப்பு.

அத்தான், எங்கே எழுந்திருக்கிறீர்கள்? கோபமா? நான் இன்னும் முடிக்கவில்லையே. வாசல் அந்தப் பக்கம்... ஓ, வாசலுக்குப் போகவில்லை. தலைவரே, மணியை வையுங்கள், கொஞ்சம் பாருங்கள். காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? எனக்குக் கேட்டது. “போயிடுச்சு” என்றார். அக்கா என்ன சொன்னார் என்று நான் சொல்ல வேண்டுமா என்ன? தலையைக் குனிந்துகொண்டு, “ம்” என்றார்.

தலைவர் அவர்களே, கூட்டம் முடிந்ததும் நாலு பேரைக் கீழே அனுப்புங்கள், பெட்டிகள் மேலே வரும். பிளேயரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அது வெட்டும் மேசையின் ஓரத்துக்குப் போகிறது. இதுவரை பொறுத்த காதுகளுக்கும், சிரித்த வாய்களுக்கும், இனி ஆறு மாதத்துக்கு எனக்குச் சாப்பாடு போடப்போவதில்லை என்று கண்ணாலேயே சொல்கிற என் அக்காவுக்கும் நன்றி கூறி, வீட்டுக்குப் போனதும் எல்லோரும் ஒரு பாட்டாவது கேளுங்கள் என்று வேண்டி விடைபெறுகிறேன். வணக்கம்.