பசின்னு பேர் வெச்ச படம்

– இந்த எடத்துல ஒரே ஒரு கையெழுத்து, ஞானம்மா. பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கேன் பாரு. மீதி பாரத்த நான் கார்ல ஒக்காந்துகினு எழுதிக்கறேன்.

– இருக்கட்டும் சார். டீ ஆறுது, குடிங்க. வெறும் பாரத்துல நான் கையெழுத்துப் போடறதில்ல. கம்பெனில பத்தொம்போது வருசமா அப்டித்தான்.

– அட, இது ஒண்ணும் பத்திரம் இல்ல. போட்டோல இருக்கறவங்க சம்மதம் குடுத்தாத்தான் மாநிலப் போட்டில சேத்துக்குவாங்களாம். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அனுப்பணும். இப்பவே அஞ்சாவப்போவுது, புரியுதா?

– புரியுது. ஸ்டேசன் ரோட்டுல பேனரு கட்டிகிறீங்களே, அதுல என் மூஞ்சிக்குக் கீழ இன்னா எழுதிகீது?

– அது போட்டோவோட தலைப்பு. 'பசி'.

– யாருக்குப் பசி?

– ஞானம்மா, அது ஆர்ட்டு.

– படம் புடிச்ச அன்னிக்கு, ஞாயித்துக்கெழம காலைல உங்க ஊட்டு வாசல்ல எல்லாருக்கும் நாஷ்டா குடுத்தீங்க. நான் ஆறு இட்லி தின்னேன், வடகறி ரெண்டு வாட்டி வாங்கினேன். கழனில எறங்கசொல்ல ஏப்பம் வந்துகினே இருந்துச்சி. அப்பால எப்டி சார் பசி?

– போட்டோல இருக்கறது நீ இல்ல. ஒரு விவசாயக் கூலிப் பொம்பள. ஒரு அடையாளம். பாக்கறவன் ஞானம்மான்னா பாக்கறான்?

– அப்டித்தான் பாக்கறாங்க. எங்க கம்பெனி பஸ்ஸு தெனம் அந்த பேனரத் தாண்டித்தான் கும்முடிப்பூண்டி போவுது. போன திங்கக்கெழம மொத்த பஸ்ஸும் திரும்பிப் பாத்துட்டு அப்பால என்னப் பாத்துது. நான் பேக்கிங் செக்சன்ல லைன் லீடரு சார். இருவத்திரெண்டு பொண்ணுங்க என் கீழ வேல செய்யுது. விக்டோரியான்னு புதுசா சேந்த பொண்ணு ஒண்ணு, மத்தியானம் என் டிபன் பாக்ஸுகிட்ட ரெண்டு வாழப்பழமும் ஒரு பன்னும் வெச்சிட்டுப் பேசாம போயிடுச்சி. மேனேஜரு கூப்ட்டு, ஊட்ல எதுனா கஷ்டமாம்மா, தயங்காம சொல்லுன்றாரு. நான் இன்னா சொல்றது? எனக்கு எங்க மூஞ்சிய வெச்சிக்கறதுன்னு தெரியல.

– அவங்களுக்கு ஆர்ட்டு தெரியல, அதுக்கு நான் இன்னா பண்றது?

– உங்களுக்கு நடவு தெரியலயே சார், அதுக்கு நான் இன்னா பண்றது? கண்ணாடியக் கழட்டச் சொன்னீங்க. வாட்ச கழட்டச் சொன்னீங்க. எங்கயோ இருந்து ஒரு கிழிஞ்ச பொடவைய எடுத்தாந்து கட்டச் சொன்னீங்க. உங்க கிளப்பு வரதன் சாரு பிரஷ்ஷால சேத்தத் தொட்டு கன்னத்துல பூசினாரு. நாத்து நடறவளுக்குக் கன்னத்துலயா சேறு படும்? நெலம் வெச்சிருந்த ஊட்டுப் புள்ள, நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?

– வரதன் கொஞ்சம் ஓவராத்தான் பண்ணிட்டான், ஒத்துக்கறேன். ஆனா இப்ப மிஷின் நடவு வந்துடுச்சி. கையால நடத் தெரிஞ்சவங்க வேணும்னுதான உங்க மூணு பேரயும் கூப்ட்டேன். நீயும் சரின்னுதான வந்த?

– வந்தேன். படம் புடிக்கறேன்னீங்க, வந்தேன். பேரு வெக்கறேன்னு சொல்லலயே.

– சொல்றேன் கேளு. பதினோரு வருஷமா இந்த போட்டோ கிளப்ப நடத்திகினு இருக்கேன். குப்புராஜ் கடை மாடில மாசா மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம. மெட்ராஸ்ல இருந்து யாராவது ஒரு பெரிய ஆள கெஸ்ட்டா கூப்ட்டு வருவோம். அவங்க பேசுவாங்க, எங்க போட்டோவ ஒவ்வொண்ணா ஸ்கிரீன்ல போட்டு மார்க் போடுவாங்க. எடுத்தவன் பேரச் சொல்ல மாட்டோம், நம்பரும் தலைப்பும் மட்டும்தான். எடுத்தவன் அங்கயே ஒக்காந்து மூச்சு விடாம கேட்டுகினு இருக்கணும். ஒருத்தர் என் போட்டோவப் பாத்துட்டு, இது கல்யாண ஆல்பத்துல இருந்து தவறி வந்துடுச்சான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். அப்டி ஒரு பதினோரு வருஷம், புரியுதா?

– புரியுது சார். கஷ்டமாத்தான் இருந்துருக்கும்.

– போன மாசம் சந்திரகலா மேடம் வந்தாங்க. டெல்லி, பாம்பேல்லாம் ஜட்ஜா போறவங்க. பதினெட்டு பேரு போட்டோவும் அன்னிக்குக் கழனில எடுத்ததுதான். பதினேழு போட்டோல நீங்க மூணு பேரும் குனிஞ்சிருக்கீங்க. சர்ரு சர்ருன்னு தள்ளிட்டாங்க. என்னுது வந்ததும் நின்னுட்டாங்க. இடுப்புல ஒரு கை, பாதி நிமிந்த ஒடம்பு, நேரா கேமராவப் பாக்கற கண்ணு. எழுந்து ஸ்கிரீன்கிட்டயே போயிட்டாங்க. அப்புறம், இந்தக் கண்ணுல மூணு தலைமுறைப் பசி தெரியுதுன்னாங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சி ஞானம்மா. வர்ற ஞாயித்துக்கெழம மறுபடியும் வர்றாங்க. அந்த ஒரு போட்டோவ மட்டும் வெச்சிகினு ஒரு மணி நேரம் பேசப்போறாங்க. சுத்துப்பட்டு கிளப்புலேர்ந்து எல்லாம் வர்றாங்க. அதுக்குத்தான் அந்த பேனரு.

– நல்லது சார். உங்களுக்கு நல்லது நடந்தா எனக்கும் சந்தோசந்தான். பேர மட்டும் மாத்திடுங்க.

– அது முடியாது.

– மாத்தக் கூடாதுன்னு பாரத்துல போட்டுகீதா?

– போடல. ஆனா அந்தத் தலைப்புனாலதான் அது கிளப்புல ஜெயிச்சுது. பேனர வேணும்னா நாளைக்கே அவுத்துடறேன்.

– பேனரு போனா பேரு போயிடுமா? எங்க லைன்ல பெயிண்டு டப்பா வரும். உள்ள செவப்பு இருக்கசொல்ல மேல நீலம்னு லேபில் ஒட்டிட்டு வந்துச்சின்னா, டப்பா எவ்ளோ ஷோக்கா இருந்தாலும் நான் எடுத்து ஓரமா வெச்சிடுவேன். மேனேஜரே வந்து, லாரி நிக்குது ஞானம்மா, அனுப்பிடுன்னாலும் அனுப்ப மாட்டேன். இத அனுப்பிடுவனா?

– அப்ப சந்திரகலா மேடம் முட்டாளா? அவங்க பாத்தது பொய்யா?

– பொய்யில்ல. அந்தம்மா பாத்தது நெசம். என் மூஞ்சில ஒண்ணு இருந்துச்சி. இன்னான்னுதான் அவங்களுக்குத் தெரியல.

– சரி, நீயே சொல்லு. இன்னா அது?

– நீங்க அத க்ளிக் பண்றதுக்கு முன்னாடி இன்னா சொன்னீங்க, ஞாபகம் கீதா?

– இன்னா சொல்லியிருப்பேன்? லைட்டு போயிடும், கொஞ்சம் அப்டியே இருங்கன்னு சொல்லியிருப்பேன். அது கெடக்கட்டும், அந்த ஒரு க்ளிக்குக்கு அப்புறம் நீ கழனிய விட்டு ஏறிட்ட. கண்ணாடிய மாட்டிகினு வரப்புல நடந்து போயிட்ட. பதினேழு பேரும் பேஜாராயிட்டானுங்க. எதிர் வரப்புல நின்னதால எனக்கு மட்டும்தான் மூஞ்சி கெடச்சுது.

– ஏன் ஏறினேன்னு கேட்டீங்களா?

– இடுப்பு வலின்னு நெனச்சேன்.

– எனக்கு ஒம்போது வயசு இருக்கும் சார். இதே கெணத்துமேட்டுக் கழனி. எங்கம்மா அப்ப ஆறு மாசம் முழுவாம இருந்துச்சி. நாத்துக் கட்டு எடுத்துக் குடுக்க நானும் எறங்கியிருந்தேன். மத்தியான வெயிலு. எங்கம்மா இடுப்பப் புடிச்சிகினு கொஞ்சம் நிமிந்துச்சி. வரப்புல கொட புடிச்சிகினு நின்னாரு உங்க நைனா. அவரு கேட்டாரு, 'யாருடி ஒன்ன நிமிரச் சொன்னது?' எங்கம்மா அப்டியே குனிஞ்சிடுச்சி. பொழுது சாயற வரிக்கும் நிமிரல. எனக்கு அன்னிக்கு அழுவ வரல. இப்ப சொல்லசொல்ல வருது.

– அந்தக் காலம் அப்டி, ஞானம்மா. எங்க நைனா கொஞ்சம் முரடுதான். அதுக்கும் போட்டோவுக்கும் இன்னா சம்பந்தம்?

– அன்னிக்கு ஞாயித்துக்கெழம, அதே கழனி, அதே வரப்பு. நான் இடுப்பப் புடிச்சிகினு நிமிந்தேன். நீங்க கேட்டீங்க. ஒரு எழுத்து மாறல.

– நானா? சத்தியமா இல்ல. நான் பொம்பளைங்கள 'டி' போட்டுப் பேசினதே கெடையாது. எங்க ஊட்டுக்காரி நர்மதாவக் கேட்டுப் பாரு. முப்பது வருஷத்துல ஒரு வாட்டி சொல்லியிருப்பனா?

– உங்க ஊட்டம்மா கழனில எறங்கினதில்லயே சார்.

– இது அநியாயம் ஞானம்மா. ஊட்டுக்கு வந்தவன ஒக்கார வெச்சி இப்டி ஒரு பழியப் போடற.

– பழி வேணாம். வரதன் சாரு அன்னிக்கு எல்லாத்தயும் போன்ல வீடியோ எடுத்துகினு இருந்தாரே, அது உங்ககிட்ட கீதா?

– இருக்குது. கிளப்பு குரூப்புல போட்டான். பதினாலு நிமிஷம், யாரும் முழுசா பாத்துருக்க மாட்டாங்க. நான்கூடப் பாக்கல.

– போடுங்க. நீங்க சொல்லலன்னா பசின்னே இருக்கட்டும், இந்த நிமிசமே கையெழுத்துப் போட்டுடறேன். சொல்லியிருந்தீங்கன்னா நான் சொல்றதுதான் பேரு. செரியா?

– சரி. பேச்சு மாறக் கூடாது. இதோ, சவுண்ட முழுசா வெச்சிட்டேன். நீங்க மூணு பேரும் எறங்கறீங்க. வரதன் சேறு பூசறான். குப்புராஜ் வழுக்கி விழறான் பாரு, கேமராவ மட்டும் தூக்கிப் புடிச்சிகினு.

– இன்னும் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், என் கை இடுப்புக்குப் போவுது பாருங்க. இப்ப.

– நிறுத்திட்டேன்.

– இன்னொரு வாட்டி போடுங்க சார். காக்கா கத்துச்சி, செரியா கேக்கலன்னு அப்பால சொல்லக் கூடாது.

– வேணாம். கேட்டுது.

– இன்னா கேட்டுது?

– இது எங்க நைனா குரலு, ஞானம்மா.

– உங்க நைனா செத்துப் பதினாலு வருசம் ஆவுது சார்.

– நான் போட்டோவுக்காகத்தான் சொல்லியிருக்கேன். மூணு பேரும் ஒரே மாதிரி குனிஞ்சி இருக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் மனசுல இல்ல.

– தெரியும். அவரும் நடவுக்காகத்தான் சொன்னாரு.

– சொன்னதே எனக்கு நெனவில்ல. சத்தியமா நெனவில்ல.

– அதுவும் தெரியும். அதான் எனக்கு வயிறு எரியுது. நீங்க வேணும்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல, திட்டிட்டுப் போயிருப்பேன்.

– சரி. தலைப்ப மாத்திடறேன். 'உழைப்பு'ன்னு வெச்சிடலாமா? இல்ல, 'மண்ணின் மகள்'?

– நான் பெயிண்டு கம்பெனி மகள் சார். பேனாவக் குடுங்க, பாரத்துல நானே எழுதறேன். ... இந்தாங்க, படிங்க.

– 'யாருடி ஒன்ன நிமிரச் சொன்னது?'

– ஆங்.

– இதையா வெக்கச் சொல்ற? இதையா?

– நீங்க கேட்டீங்க. நான் நிமிந்து பாத்தேன். நீங்க க்ளிக் பண்ணீங்க. அந்தப் படத்துல வேற ஒண்ணும் இல்லயே சார்.

– அந்த 'டி'ய மட்டும் எடுத்துடலாமா?

– அது இல்லாம நீங்க கேக்கலயே.

– ஞானம்மா, கொஞ்சம் யோசிச்சிப் பாரு. மொத்த ஸ்டேட்டும் பாக்கும். ஞாயித்துக்கெழம மேடம் ஸ்கிரீன்ல போட்டதும் மொதக் கேள்வியே, யாரு கேட்டதுன்னுதான் வரும்.

– வரட்டும். நானும் வர்றேன். எம் பொண்ணு மெர்சியயும் இட்டுகினு வர்றேன், அவ அவங்க ஆயாவ, எங்கம்மாவப் பாத்ததில்ல. மொத வரிசைல ஒக்காந்துகினு இருப்போம். விக்டோரியாவயும் கூப்ட்டுகினு வர்றேன்.

– நான் அனுப்பாமயே விட்டுட்டா?

– விடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பேனர மட்டும் இன்னிக்கே அவுத்துடுங்க. பதினோரு வருசத்தோட இன்னொரு வருசம். ஆனா இத விட நல்ல படம் உங்களுக்கு அமையாது சார். அது எனக்கே தெரியுது.

– மணி அஞ்சு நாப்பது.

– ஆமா.

– யாரு கேட்டதுன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது, நீயே சொல்லு.

– நீங்க வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். பாரத்துல தலைப்புக்குக் கீழ இன்னா அச்சடிச்சிகீது?

– 'எடுத்தவர் பெயர்.'

– அத உங்க கையால எழுதுங்க. எழுதிட்டு பேனாவ இங்க குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.

– ... எழுதிட்டேன். துளசிராமன், மணவாள நகர். இந்தாங்க ஞானம்மா, போடுங்க.