ஜீவராணியை மன்னித்தது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு கட்டிலைப் போட்டால், மிச்ச இடத்தில் ஆள் நடக்கத்தான் முடியும், மிஸ். பிள்ளைகளை எடை நிறுத்துப் பார்க்க வரும் மிட்வைஃப் நீங்கள். தனித் தொட்டில் போடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். பசறைப் பக்கத்துக் குளிரில் பிள்ளையைத் தாயின் சூட்டிலிருந்து பிரித்துப் போட யாருக்கு மனம் வரும்? நானும் அப்பா அம்மாவுக்கு நடுவில் கிடந்து வளர்ந்தவன்தான்.

என் பெண்சாதி ஜீவராணி ஏன் அடுப்படியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், பால் கொடுத்த கையோடு பிள்ளையை ஏன் என்னிடம் நீட்டிவிடுகிறாள் என்று கேட்டீர்கள். கேட்டதால் சொல்கிறேன்.

எங்களுக்கு முதலில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். மதுஷா. கழுத்து நின்று, ஆளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து பறிக்கும் வேலை இல்லை, அடைமழை. ஜீவராணி பகல் சோற்றை ஆக்கி வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே கட்டிலில் கண்ணயர்ந்துவிட்டாள். வாரம் முழுக்க மலை ஏறி இறங்கிய உடம்பு. நான் பசறையில் கூட்டாளிகளோடு குடித்துவிட்டு நனைந்து வந்தேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே கம்பளிக்குள் நானும் படுத்தேன்.

விழித்தபோது மழை விட்டிருந்தது. பிள்ளை என் நெஞ்சுக்கு அடியில் கிடந்தாள். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

நான் பதறவில்லை. பதறி ஆகப் போவது ஒன்றுமில்லை. பிள்ளையை மெதுவாக எடுத்து ஜீவராணியின் பக்கத்தில் கிடத்தி, அவள் கையைத் தூக்கி மேலே போட்டேன். ஈரச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போனேன். அப்போதுதான் டவுனிலிருந்து வருகிறவன் மாதிரி செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தேன்.

"என்னா புள்ள, கொழந்த மேல கையப் போட்டுக்கிட்டு தூங்குற?" என்றேன்.

அவள் போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது.

திடீர் மரண விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நான்தான் பேசினேன். "வேணுமின்னு செய்யலீங்க ஐயா. பெத்தவ. அவ மேல கேசு ஒண்ணும் வேணாங்க." அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். பக்கத்துக் காம்பரா பெரியாயி எல்லார் முன்னாலும் சொன்னாள்: "வேற ஒருத்தனா இருந்தா இவள வெட்டிப் போட்டிருப்பான். கஜேந்திரன் மாதிரி புருசன் எந்தத் தோட்டத்துல இருக்கான்?"

ஜீவராணி என் காலைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று அழுதாள். சொன்னேன். அதற்குப் பிறகு இன்று வரை அவளை நான் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. குடித்திருக்கும்போதுகூடக் குத்திக் காட்டியதில்லை.

இப்போது இந்தப் பயல் பிறந்திருக்கிறான். அவளுக்குத் தன் கையைக் கண்டாலே பயம். சேலைத் துண்டால் மணிக்கட்டுகளைக் கட்டிக்கொண்டுதான் கண்ணை மூடுகிறாள். பிள்ளையை நான்தான் பக்கத்தில் போட்டுத் தூங்கவைக்கிறேன். குடியையும் சம்பள நாளில் மட்டும் என்று குறைத்துக்கொண்டேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு என்கிறீர்கள். சொல்லலாம்தான். சொன்னால் இன்றைக்கே பிள்ளையை அணைத்துக்கொண்டு கட்டிலில் படுத்துவிடுவாள். அதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. அவளுக்குத் தூக்கம் கனம், மிஸ். அன்றைக்கு அத்தனை நடந்தும் பெற்றவள் கண் விழிக்கவில்லையே.