பதிமூன்றே கால் அங்குலம்

— அதைத் தொடாதம்மா, வார்னிஷ் இன்னும் காயல.

— தொடல பெரியப்பா. டேப்பை மட்டும்தான் வைக்கப்போறேன்.

— இன்னும் ஒரு மணி நேரத்துல ஹோட்டல்காரங்க லாரியோட வந்து தூக்கிட்டுப் போற படகு. இதுல அளவெடுத்து என்ன பண்ணப்போற?

— போறதுக்குள்ள எடுத்துடலாமேன்னுதான்.

— பன்னெண்டு வருஷமா இந்த ஷெட்டுப் பக்கம் எட்டிப்பாக்காத பொண்ணு, திடீர்னு டேப்போட வந்து நிக்கிற. உங்கப்பன் அனுப்பினானா?

— இல்ல. நான் வந்தது அப்பாவுக்குத் தெரியாது. பெரியம்மாதான் போன் பண்ணாங்க. படகை நீங்க ஹோட்டலுக்குக் குடுக்கறதா சொன்னாங்க.

— அவ வாயில ஒன்னும் தங்காது.

— நிஜமாவே குடுக்கறீங்களா?

— பின்ன? வரவேற்பறையில நட்டமா நிறுத்தி வைக்கப்போறாங்களாம். உள்ள குறுக்கால தட்டு அடிச்சு, புத்தகம், பூச்சட்டி எல்லாம் அடுக்குவாங்களாம். அதுக்குத்தான் இந்தக் கடைசி வார்னிஷ்.

— படகு எப்படி நட்டமா நிக்கும்?

— பின்பலகை சாய்வா இருக்கில்ல, அதை அறுத்து எடுத்துட்டா நிக்கும். மூக்கு கூரையைப் பாத்துட்டு இருக்கும்.

— நீங்க புதுசா செஞ்ச பலகையாச்சே.

— ஆமா.

— மூணு மாசம் செஞ்சீங்கன்னு பெரியம்மா சொன்னாங்க.

— பழசு உளுத்துப்போய் கையில மாவா உதிர்ந்துச்சு. ஒரு தேக்குப் பலகை சும்மா கிடந்தது. என்னமோ, செஞ்சேன். அந்தப் பக்கம் போகாத, உளி கிடக்கு.

— என்ஜின் மாட்டறது இந்தப் பலகையிலதானே?

— மெக்கானிக் பொண்ணுக்கு இதை நான் சொல்லணுமாக்கும்.

— தெரியும். பலகை எவ்வளவு உயரமோ, என்ஜினுக்குக் கால் அவ்வளவு நீளம் இருக்கணும். பலகை அதிகமா உசந்தா விசிறி தண்ணிக்கு மேல வெறும் காத்துல சுத்தும். தாழ்ந்தா கால் ரொம்ப ஆழமா முங்கி படகைப் பிடிச்சு இழுக்கும்.

— அப்படியே பாடப் புத்தகம் மாதிரி ஒப்பிக்கிற.

— பதிமூணே கால்.

— என்னது?

— பலகையோட உயரம். பதிமூணே கால் அங்குலம்.

— டேப்பைக் கோணலா வச்சிருப்ப.

— மூணு தடவை வச்சேன். மூணு தடவையும் பதிமூணே கால்.

— சரி, இருந்துட்டுப் போகட்டும்.

— கடையில விக்கிற குட்டைக் கால் என்ஜினுக்குப் பதினஞ்சு. நெட்டைக் காலுக்கு இருபது. பதிமூணே கால்ல நான் பாத்ததே இல்ல.

— அப்ப கை தவறியிருக்கும்.

— உங்களுக்கா?

— ஏன், எனக்குத் தவறக்கூடாதா? அறுபத்து மூணு வயசாகுது. கண்ணு முன்ன மாதிரி இல்ல.

— வாசக்கால் ஒரு நூல் தப்பினாலே மொத்தத்தையும் பிரிச்சுட்டுத் திரும்ப மாட்டுவீங்களாம். அங்குலத்துக்கு எட்டு நூல். இது பதினாலு நூல் தப்பு.

— கணக்கெல்லாம் நல்லாத்தான் போடுற.

— தெருவுல சொல்லிடவா? பெரியப்பாவுக்கு இப்பெல்லாம் பதினாலு நூல் தவறுதுன்னு.

— யார்கிட்ட சொல்லுவ?

— நீங்க கதவு ஜன்னல் போட்டுக் குடுத்த வீட்ல எல்லாம்.

— வாயில்லாப் பூச்சின்னுல்ல உன்னை நெனச்சிட்டிருந்தேன்.

— நான் அதிகம் பேச மாட்டேன் பெரியப்பா. அளவை மட்டும்தான் சொல்றேன்.

— அட போம்மா.

— ஒன்னு உங்களுக்குக் கை தவறியிருக்கணும். இல்லன்னா இது குள்ளனுக்குன்னே செஞ்ச பலகையா இருக்கணும்.

— குள்ளன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?

— கல்லுல மோதி கால் உடைஞ்சுபோய், லேத்துல குடுத்துக் குட்டையாக்கின என்ஜின். உலகத்துலயே அந்த அளவுல அது ஒன்னுதான்னு அப்பா சொல்லுவாரு.

— இன்னுமா அவன் அதைப் பத்திப் பேசறான்?

— வேற எதைப் பத்தியும் அவ்வளவு பேச மாட்டாரு.

— இரும்புக்கடைக்கு எப்பவோ போட்டிருப்பான்னு இருந்தேன்.

— கடைக்குப் பின்னாடி இருக்கு. தண்ணி டிரம்மோட விளிம்புல மாட்டி, மாசம் ஒரு தடவை ஓட்டிப் பாப்பாரு. பக்கத்துக் கடைக்காரரு புகை தாங்காம கத்துவாரு. அப்பா கேக்காத மாதிரி இருப்பாரு.

— எத்தனை இழுப்புல ஸ்டார்ட் ஆகுது?

— மூணாவதுல.

— என் கைக்கு ரெண்டுலயே எடுக்கும்.

— போன வருஷம் எடுக்கவே இல்ல. கார்புரேட்டர்ல மிதக்குற கார்க்கு பெட்ரோல்ல ஊறிப்போச்சு. அந்த மாடலுக்கு எங்கயும் கிடைக்கல. அப்பா பாட்டில் கார்க்கு மூடியெல்லாம் சேத்து ஒட்டி, அதே உருவத்துல செதுக்கினாரு. நான் காலேஜ் லேப் தராசுல எடை பாத்துப் பாத்துச் சொன்னேன். ஆறாவதுதான் சரியா வந்துச்சு.

— படகே இல்லாத ஆளு என்ஜினுக்கு எதுக்கு இந்தப் பாடு படணும்? லூசுப் பய.

— என்ஜினே இல்லாத ஆளு படகுக்கு எதுக்குப் பின்பலகை செய்யணும்?

— உனக்கு வரவர...

— அளவை அப்பாவுக்கு அனுப்பிட்டேன்.

— என்ன அனுப்பின?

— பதிமூணே கால்னு மட்டும். கூட பின்பலகையை ஒரு போட்டோ.

— எப்ப?

— நீங்க கண்ணு சரியில்லன்னு சொல்லிட்டு இருக்கும்போது.

— பதில் வந்துச்சா?

— பாத்துட்டாரு. பதில் இல்ல.

— வராது. அவனை எனக்குத் தெரியாதா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து தெரியும். இதை வேலை முடிச்சு ரெண்டு மாசம் வாசல்ல வச்சிருந்தேன், தெரியுமா? அவன் கடைக்குப் போற வழி. தினம் காலையில அவன் வண்டிச் சத்தம் கேக்கும். ஒரு நாளாவது நம்ம வாசல்ல அது கொஞ்சம் மெதுவாகுமான்னு உள்ள இருந்து காதை வச்சிட்டு இருந்தேன். ஆகல. அதுக்கப்புறம்தான் ஹோட்டல்காரனை வரச் சொன்னேன்.

— வாசல்ல எந்தப் பக்கமா வச்சிருந்தீங்க?

— எந்தப் பக்கம்னா?

— தெருவைப் பாத்து இருந்தது மூக்கா, பின்பக்கமா?

— மூக்குதான். மூக்குதானே பாக்க அழகு.

— பெரியப்பா.

— என்ன?

— அவருக்குப் பின்பலகை தெரிஞ்சே இருக்காது.

— அட, ஆமால்ல.

— ஒரு நாள் வந்து சொன்னாரு. அண்ணன் படகைப் புதுசு மாதிரி பண்ணிட்டான், பெரிய என்ஜின் வாங்கப்போறான் போலன்னு. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு வேணாம்னுட்டாரு.

— திருப்பி வச்சிருக்கலாம் நான்.

— ஆமா.

— ஒரு நிமிஷ வேலை. ரெண்டு உருளையை அடியில குடுத்துத் திருப்பியிருக்கலாம். என்னமோ, தோணவே இல்ல.

— இப்ப மட்டும் என்ன? ஹோட்டல்காரங்களுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லலாம்.

— சொல்லிட்டு? அவன் வந்துடுவானா? உனக்கு ஒன்னும் தெரியாதும்மா. பாகம் பிரிச்சப்ப என்ன நடந்ததுன்னு உனக்கு என்ன சொல்லியிருக்கான்?

— ரெண்டு பேருமே படகு வேணும்னு நின்னீங்களாம். பஞ்சாயத்து பண்ண வந்தவங்க படகை உங்களுக்கும் என்ஜினை அப்பாவுக்கும் எழுதிட்டாங்களாம். அப்போ நான் ஆறாவது படிச்சேன்.

— அவ்வளவுதானா சொன்னான்?

— அவ்வளவுதான்.

— கல்லுல மோதினதைப் பத்தி?

— அப்பா ஓட்டும்போது மோதிட்டாருன்னு எல்லாருக்கும் தெரியுமே. வீட்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க.

— அவனே அப்படிச் சொன்னானா?

— அவர் வாயால சொன்னதில்ல. மத்தவங்க சொன்னா சிரிப்பாரு.

— ஓட்டினது நான்.

— என்ன?

— அன்னிக்கு ஓட்டினது நான்தாம்மா. வேகமாப் போனேன். அவன் முன்னாடி உக்காந்துட்டு, கல்லு கல்லுன்னு கையைக் காட்டினான். கரைக்கு வந்ததும் எங்கப்பா கோவத்தோட நின்னாரு. தம்பிதான் ஓட்டினான்னு சொல்லிட்டேன். இவன் என் மூஞ்சியைப் பாத்தான். ஒன்னும் சொல்லல. அடி வாங்கினான்.

— அப்பா இதைச் சொல்லவே இல்ல.

— அவன் சொல்ல மாட்டான். அதுகூடப் பரவால்ல, சின்ன வயசு. பாகம் பிரிக்கிற அன்னிக்கு நாலு பேரு முன்னாடி நானே சொன்னேன் பாரு. கல்லுல கொண்டு போய் மோதினவனுக்குப் படகு எதுக்குன்னு கேட்டேன்.

— நீங்களா?

— நானேதான். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாயிடுச்சு போல. வாயை விட்டு வந்தப்புறம்தான் உறைச்சுது. அவன் எழுந்து போயிட்டான். இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை இல்ல.

— அப்ப முதல்ல பேச வேண்டியது...

— தெரியும். சொல்லாத.

— சொல்லல.

— எந்த மூஞ்சியை வச்சிட்டுப் போய் நிக்கறது? வாய்ல வரல எனக்கு. பலகையைத்தான் செய்யத் தெரிஞ்சுது. அதையும் மூக்கைக் காட்டி வச்சேன்.

— கடை இங்கிருந்து மூணு தெருதான் பெரியப்பா. நானும் கூட வர்றேன்.

— நீ கூட வந்தா மட்டும் பேச்சு வந்துடுமா?

— ஓட்டினது நான்னு ரெண்டே வார்த்தை. இப்ப என்கிட்ட வந்துச்சே.

— ம்.

— சட்டை மாத்திக்கிறீங்களா? வார்னிஷ் ஆயிருக்கு.

— இருக்கட்டும். இதோடவே போறேன். மாத்திட்டு வர்றதுக்குள்ள மனசு மாறிடும். ஹோட்டல்காரன் நம்பர் அந்தச் சுவத்துல எழுதியிருக்கு, நீயே போன் போட்டுச் சொல்லிடு. படகு குடுக்கறதா இல்லன்னு.

— சரி. என்ன காரணம்னு கேட்டா?

— என்ஜின் மாட்டப் போறோம்னு சொல்லு.

— பெரியப்பா, யாரோ கதவை இடிக்கிறாங்க.

— வந்துட்டாங்களா அதுக்குள்ள? நாலு மணின்னுதானே சொன்னேன். கையால தட்டறாங்களா இல்ல உதைக்கறாங்களா? ஒரு வீட்டுக் கதவை இப்படியா உதைக்கிறது. எந்த ஊர் மரியாதை இது. யாருய்யா அது?

— கோவிச்சுக்காதண்ணா. ரெண்டு கையிலயும் குள்ளன் இருக்கான். வந்து தொற.